ஓர் அரிசி இடப்பக்கம்

கைதட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன், என் கைகள் மட்டும் ஒரு கணம் பிந்திச் சேர்வது எனக்கே கேட்கிறது. திரையில் அந்த விண்மீன் மண்டலம் விரிந்து கிடக்கிறது, சுருள் சுருளாக, ஓரங்களில் நீலம், நடுவில் வெளிறிய மஞ்சள், யாரோ நலங்கு வைத்து உட்கார வைத்ததுபோல. அதன் இடப்பக்கத்து வெளிச்சுருளின் மேல், விளிம்பில்கூட இல்லை, நட்டநடுவில், ஒரு சிவப்புக் கூட்டல் குறி. அந்தக் குறி என்னுடையது. வானத்தில் நாங்கள் துரத்துகிற ரேடியோ வெடிப்பு எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னவள் நான். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒளித் தொலைநோக்கியின் படத்தைத் தயார் செய்தவன் நிஷாந்த். இரண்டு பேரும் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது என்பது எங்கள் குழுவின் சட்டம். பார்த்தால் மனசு தானாக அழகான மண்டலத்தின் பக்கம் சாய்ந்துவிடும் என்று மைதிலி மேடம் சொல்வார், அவர்தான் குழுவின் தலைவர், எனக்கும் நிஷாந்துக்கும் நெறியாளர். அதனால் இருவரும் தங்கள் கோப்பை ஃபாசில் அண்ணாவிடம் கொடுத்துவிட வேண்டும், அவர் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இங்கே வேலை பார்ப்பவர், அவர் பூட்டி வைத்திருந்து ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் ஒன்றின் மேல் ஒன்றை வைப்பார். அந்த நாளுக்கு இங்கே பெயர் பொண்ணு பாக்குற நாள். கேன்டீனிலிருந்து பஜ்ஜியும் கேசரியும் வரும். யார் ஆரம்பித்த வேடிக்கையோ, நான் சேர்வதற்கு முன்பே இருந்தது, சேர்ந்த பிறகு அதற்குச் சிரிக்கவும் கற்றுக்கொண்டேன். "பொண்ணு எப்படிப்பா?" என்று ஃபாசில் அண்ணா இப்போது கேட்கிறார், "மூக்கும் முழியுமா இருக்கு பாஸ், நாங்க வீட்டுக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்கிறான் நிஷாந்த், அறையே சிரிக்கிறது. நான் சிரிக்கத் தொடங்கும்போது சிரிப்பு முடிந்துவிட்டது.

பெண் பார்ப்பது வேடிக்கை இல்லை என்று இவர்களுக்குத் தெரியாது, நிஷாந்துக்கு நிச்சயம் தெரியாது. ஆத்தூரில் எங்கள் வீட்டில் அக்காவைப் பார்க்க வந்த அன்று காபித் தட்டு என் கையில் இருந்தது, வந்த அம்மாள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, "சும்மா அந்த வாசல் வரைக்கும் போயிட்டு வா சாமி" என்று சொல்லிவிட்டு அவள் பாதம் தரையில் முழுசாகப் படிகிறதா என்று பார்த்தார். அக்கா வாசல்வரை போய்த் திரும்பியபோது அவள் கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன். எல்லோரும் பார்க்கிற இடத்தை எனக்குப் பார்க்கத் தெரியாது, பயம் வந்தால் என் கண் ஓரங்களுக்குப் போய்விடும். இந்த மையத்துக்கு நேர்காணலுக்கு வந்தபோது கேள்வி கேட்டவர்களின் முகம் ஒன்றுகூட நினைவில்லை, மேஜைக்கு அடியில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தது இப்போதும் நினைவிருக்கிறது. உங்க அப்பா என்ன பண்றார் என்று ஒருவர் கேட்டார், ஜவ்வரிசி ஆலையில் களத்துவேலை என்றேன், "ஓ, இண்டஸ்ட்ரி" என்றார், நான் திருத்தவில்லை, மரவள்ளி மாவைக் களத்தில் பரப்பிக் காயவைத்துக் காலால் கிளறுகிற வேலை என்று சொல்லியிருக்கலாம், ஆலையின் கழிவுநீர் புளித்த வாடை பள்ளிக்கூடம் முடியும்வரை என் சீருடையில் இருந்தது என்றும் சொல்லியிருக்கலாம், எதற்குச் சொல்ல வேண்டும், யார் கேட்டார்கள். இந்த அறையில் ஏசியின் குளிரில் பஜ்ஜி எண்ணெய் உறைகிற வாடை வருகிறது, அதற்கு அடியில் அந்தப் பழைய வாடையும் வருவதுபோல இருக்கிறது, என்னிடமிருந்து வரவில்லை, காலையில்தான் குளித்தேன். இந்தப் பயத்தில்தான், இந்தப் பழக்கத்தில்தான், என் கண் அந்த அழகான சுருளை விட்டு நழுவிப் படத்தின் வலது மேல்மூலைக்குப் போயிற்று. போயிருக்க வேண்டாம்.

அங்கே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கிறது. செக் சோர்ஸ் என்போம். மிகத் தொலைவில் இருக்கும் ஒரு குவேசார், அதாவது பிரகாசமாக எரியும் மண்டல நடு, ரேடியோவிலும் தெரியும், ஒளியிலும் தெரியும். என் ரேடியோ வரைபடத்தையும் அவனுடைய ஒளிப்படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைக்கும்போது இரண்டிலும் அது ஒரே இடத்தில் வந்து விழுந்தால், வைத்தது சரி என்று அர்த்தம். முதலில் செக் சோர்ஸ், பிறகுதான் பொண்ணு. அதுவும் குழுவின் சட்டம்தான். இன்று ஃபாசில் அண்ணா வழக்கம்போல அந்த மூலைக்குத்தான் படத்தை இழுக்கப் போனார், மேடம்தான் "அதெல்லாம் அப்புறம், நேரா பொண்ணக் காட்டுப்பா" என்றார், காலையிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை, ஐரோப்பாவில் இன்னொரு குழுவும் இதே வெடிப்பின் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது அந்த மூலையில் வெள்ளைப் புள்ளி தனியாக இருக்கிறது, அதற்குரிய என் சிவப்புக் குறி தனியாக இருக்கிறது. புள்ளிக்கு வலப்பக்கம், திரையில் ஓர் அரிசி அளவு தள்ளி. படத்தின் அளவுகோல் என்று ஒரு வெள்ளைக்கோடு போட்டிருக்கிறான் நிஷாந்த், பாருங்கள், அது அந்தக் குறியை முக்கால்வாசி மறைத்துக்கொண்டிருக்கிறது. தேடினால்தான் தெரியும். நான் தேடவில்லை, தெரிந்துவிட்டது. ஓர் அரிசி. அங்கே ஓர் அரிசி வலப்பக்கம் தள்ளியிருந்தால் இங்கேயும் ஓர் அரிசி வலப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும். அப்படியானால் உண்மையான இடம் சுருளின் மேல் இல்லை, ஓர் அரிசி இடப்பக்கம், சுருளுக்கு வெளியே, இருட்டில். மேடம் மடிக்கணினியைத் திறந்து தட்டத் தொடங்கிவிட்டார். இன்றிரவு சிலி நாட்டு மலை ஒன்றில் பெரிய தொலைநோக்கி ஒன்று எங்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஒரே ஒரு இரவு. நாங்கள் சொல்கிற இடத்தில் ஸ்லிட் என்ற மெல்லிய பிளவை வைத்து, வருகிற ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அந்த மண்டலம் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவார்கள். இடம் மாலைக்குள் போக வேண்டும். தப்பான மண்டலத்தில் வைத்தால் தப்பான தூரம் வரும், தப்பு என்று யாருக்கும் தெரியாது, அழகான படத்தோடு அச்சாகும், முதல் பெயர் என்னுடையது. சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். மேடம் தட்டிக்கொண்டே இருக்கிறார், அவர் விரல்களில் மோதிரம் இல்லை, அதனால் சத்தம் மெத்தென்று கேட்கிறது.

இந்த வெடிப்புக்கு நாங்கள் வைத்த பெயர் குக்கர். மற்றவை பெரும்பாலும் ஒருமுறை வெடித்துவிட்டுப் போய்விடுகின்றன, ஒரே ஒரு முறை கத்திவிட்டு ஓடியவனை எங்கே போய்த் தேடுவது. இது திரும்பத் திரும்ப வருகிற இனம், அதனால்தான் காத்திருந்து ரேடியோ தொலைநோக்கியின் தட்டுகளை அதன் பக்கம் திருப்பி இடத்தைப் பிடிக்க முடிந்தது. ஆனால் ஒழுங்கு கிடையாது. வாரக்கணக்கில் மௌனம், பிறகு ஒரே காலையில் விசில் மேல் விசில், பிறகு மறுபடி மௌனம், நான் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து வந்ததும் உண்டு. ஒவ்வொரு விசிலும் கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு. அதில் உயர்ந்த அலைவரிசைகள் முதலில் வரும், தாழ்ந்தவை பின்தங்கி வரும், வழியெல்லாம் கிடக்கும் எலக்ட்ரான்களில் கால் இழுபட்டு. பத்திரிகையில் இதைப் பற்றி எழுதும்போது பிரபஞ்சம் நம்மை அழைக்கிறது என்று எழுதுகிறார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. இது கிளம்பியபோது இங்கே அழைக்கப்பட ஆளே இல்லை. காந்தம் முறுக்கேறிய ஏதோ ஒரு செத்த விண்மீன் தன் மேலோட்டை உடைத்துக்கொள்கிறது என்று நினைக்கிறோம், அதுவும் நினைப்புதான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா வீட்டு மாமா தன் நண்பர்களிடம் "நம்ம வினோதா வானத்துல இருந்து வர்ற சவுண்டெல்லாம் கேக்குது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏம் புள்ள, அதுல மழையப் பத்தி ஏதும் சொல்லுதா? களத்துல மாவு கெடக்குது" என்றார். இல்ல மாமா என்றேன். "அப்பறம் என்னத்துக்கு அது?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. எனக்கு இந்தக் குக்கர் மேல் பிரியம் கிடையாது. பிரியமாகப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கருத்தரங்குகளில், கண்கள் பளபளக்க. அவர்களுக்கு விழுந்தால் ஏந்த ஆள் இருக்கிறது. எனக்கு இது ஒரு முதலாளி மாதிரி, எப்போது கூப்பிடும் என்று தெரியாது, கூப்பிட்டால் நான் அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறொருவரை வைத்துக்கொள்ளும்.

ஆனால் யார் தப்பு? ஓர் அரிசி நகர்ந்திருக்கிறது என்றால் என் வரைபடம் நகர்ந்திருக்க வேண்டும், அல்லது அவன் படம் நகர்ந்திருக்க வேண்டும். அவனாக இருக்கட்டும். இந்த எண்ணம் வந்த வேகத்தைப் பார்த்தால் ஏற்கெனவே எங்கோ தயாராக உட்கார்ந்திருந்திருக்கிறது. நிஷாந்த் எதையும் இரண்டாவது முறை சரிபார்க்க மாட்டான், அவன் அப்பா பேராசிரியர், அம்மா பேராசிரியர், சாப்பாட்டு மேஜையிலேயே தொலைநோக்கிகளைப் பற்றிப் பேசி வளர்ந்தவன், தப்பு நடந்தால் "ஊப்ஸ்" என்று சொல்வான், அந்த ஒரு சொல் போதும் அவனுக்கு. நான் முதல் வருடம் பேசிய கருத்தரங்கில் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தேன், அவன் கையைத் தூக்கி, சிரிக்காமல், நல்லெண்ணத்தோடு, சரியாக உச்சரித்துக் காட்டினான். அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை, சுற்றி வளைத்து வேறு மாதிரி சொல்வேன். அவன் தப்பாக இருக்கட்டும். நான் எழுந்து நின்று, நிஷாந்த், உன் படம் நகர்ந்திருக்கிறது என்று சொல்கிறேன், அவன் முகம் மாறுகிறது, மேடம் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்க்கிறார். இன்னும் ஒருமுறை. உன் படம் நகர்ந்திருக்கிறது. இனிக்கிறது. இனிப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. சரி, யோசி, ஒழுங்காக யோசி. அவன் தன் படத்தை எதை வைத்துப் பொருத்தினான்? படம் முழுக்க விண்மீன்கள், நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றின் முகவரியும் செயற்கைக்கோள் அளந்து வைத்தது. ஒன்றிரண்டு தப்பினாலும் மற்றவை பிடித்து இழுத்துச் சரிசெய்துவிடும். அவ்வளவையும் சேர்த்து ஓர் அரிசி நகர்த்த நிஷாந்தால்கூட முடியாது. நான் எதை வைத்துப் பொருத்தினேன்? ஒன்றே ஒன்றை வைத்து. கேலிபிரேட்டர். வானத்தில் எங்கள் வெடிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பிரகாசமான ஒரு ரேடியோ மூலம், இதன் முகவரி இதுதான் என்று பட்டியலில் இருக்கும், நாங்கள் அதிலிருந்து அளந்துதான் மற்ற எல்லாவற்றின் முகவரியையும் சொல்வோம். அந்த ஒன்று ஓர் அரிசி தப்பினால் எல்லாமே ஓர் அரிசி தப்பும், வெடிப்பும் தப்பும், செக் சோர்ஸும் தப்பும், ஒரே பக்கம், ஒரே அளவு. அப்படியே இருக்கிறது. என் பக்கம்தான். என் பக்கம்தான் தப்பு, நான் எழுந்து நின்று சொன்னால் மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்ப்பார். நான் ஊப்ஸ் சொல்ல முடியாது. என்னைப் போன்றவள் ஊப்ஸ் என்று சொன்னால் அது தகவல் ஆகிவிடும், நாங்க அப்பவே நினைச்சோம் என்று ஆகிவிடும், அடுத்த முறை ஆத்தூரிலிருந்தோ அந்தியூரிலிருந்தோ ஒருத்தி நேர்காணலுக்கு வரும்போது யாராவது மேஜைக்கு அடியில் கால்விரலை ஆட்டிக்கொண்டே அதை நினைத்துக்கொள்வார்கள். சொல்லாமல் இருந்தால்? அளவுகோல் மறைத்துக்கொண்டிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன் என்பதையும் யாரும் பார்க்கவில்லை. நான் நிஷாந்தாக இருந்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன், அழகான சுருளைப் பார்த்துக்கொண்டு கேசரி சாப்பிட்டிருப்பேன், அவ்வளவு தூரம் நேர்மையாகவும் இருந்திருப்பேன்.

"வினோதா, எரர் எவ்ளோ போடட்டும்? டைப் பண்ணிட்டிருக்கேன்" என்கிறார் மேடம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். என் அளவில் எவ்வளவு பிசகு இருக்கக்கூடும் என்று கேட்கிறார், அந்த அளவுக்குத்தான் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவோம். அது எனக்கு மனப்பாடம், மிகச் சின்ன எண், அதைச் சின்னதாக்கத்தான் இவ்வளவு காலம் வேலை செய்தேன். அந்த எண்ணைச் சொல்ல வாய் திறக்கிறேன், திறந்த வாயிலிருந்து "மேடம், அந்த மூலைல" என்று வருகிறது. "எந்த மூலைல?" "மேல, வலது பக்கம். செக் சோர்ஸ். உட்காரல மேடம்." நிஷாந்த் சிரிக்கிறான், "எல்லாரும் உட்கார்ந்துதான் இருக்கோம், நீதான் நிக்கற" என்கிறான், அப்போதுதான் நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. மேடம் தட்டுவதை நிறுத்துகிறார். "சாப்பாட்டுப் பந்தி போட்டாச்சு, இப்ப வந்து ஜாதகம் பொருந்தலன்னு சொல்றியா?" மெல்லிய குரல், அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் மெல்லிசாகும். ஃபாசில் அண்ணா படத்தை மூலைக்கு இழுக்கிறார், அளவுகோலை அகற்றுகிறார், பெரிதாக்குகிறார். வெள்ளைப் புள்ளி, பக்கத்தில் சிவப்புக் குறி, நடுவில் இடைவெளி. இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. அறையில் யாரோ கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம். "என் அலைன்மெண்ட்ல நூத்துக்கணக்குல ஸ்டார் இருக்கு மேடம்" என்கிறான் நிஷாந்த், அவ்வளவு வேகமாக, அவனுக்கும் பயம் உண்டு என்பது எனக்கு ஒரு கணம் ஆச்சரியமாக இருக்கிறது, "வினோ சைடுல ஒரே ஒரு கேலிபிரேட்டர்தான்." "அவன் சொல்றது சரிதான் மேடம். என் பக்கம்தான்" என்கிறேன். மேடம் கண்ணாடியைக் கழற்றுகிறார். நான் நினைத்தபடியே கழற்றுகிறார், நினைத்ததைவிட மெதுவாக. "நேத்து வரைக்கும் எங்க போச்சு இந்த ஞானம்?" "நேத்து வரைக்கும் படம் என்கிட்ட இல்ல மேடம். பாக்கக் கூடாதுன்னு..." முடிக்கவில்லை. முடித்திருந்தால் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று முடிந்திருக்கும், இன்று செக் சோர்ஸை அப்புறம் பார்க்கலாம் என்றதும் நீங்கள்தானே என்று முடிந்திருக்கும். அவர் என் வாயையே பார்க்கிறார், முடிக்காத பாதியும் அவருக்குக் கேட்டுவிட்டது.

"சர்க்கிளப் பெருசாக்கிடலாமே" என்கிறான் நிஷாந்த். "எரரைக் கொஞ்சம் கூடப் போட்டா அந்த இடமும் உள்ள வந்துடும், கேலக்ஸியும் உள்ள வந்துடும். ஸ்லிட்ட கேலக்ஸி மேலயே வெச்சுக்கலாம். பேப்பர்ல ஒரு வரி எழுதிடலாம்." அறை முழுவதும் ஒரு மூச்சு இளகுகிறது. எனக்கும் இளகுகிறது. நல்ல யோசனை. பொய்கூட இல்லை. பெரிய வட்டம் என்றால் அடக்கம் என்று அர்த்தம், எங்களுக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியாது என்று அர்த்தம், நான் வாழ்க்கை முழுக்கப் போட்டுக்கொண்டு வந்ததே பெரிய வட்டங்கள்தான், அனேகமாக, ஒருவேளை, எனக்குத் தெரிந்தவரை, அதற்குள் நான் எங்கே இருக்கிறேன் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. மேடம் என்னைப் பார்க்கிறார். "சொல்லு. பெருசாக்கலாமா?" உதவியாகக் கேட்கவில்லை. ஆமாம் என்றால் தப்பும் என் பெயரில், பெரிய வட்டமும் என் பெயரில். "பெருசாக்குறது பொய் இல்ல மேடம்," என்கிறேன், என் குரல் எங்கள் ஆலைக்களத்தில் மேஸ்திரிக்குப் பதில் சொல்கிற பெண்களின் குரல் மாதிரி இருக்கிறது, கட்டையாக, தலையைக் குனிந்துகொண்டு, "ஆனா நடு தப்பு. நடு தப்புன்னு தெரிஞ்சப்புறம் வட்டம் எவ்ளோ பெருசா இருந்தா என்ன." "நகத்திப் பாருங்கண்ணா" என்கிறேன். ஃபாசில் அண்ணா மேடத்தின் முகத்தைப் பார்க்கிறார், மேடம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அண்ணா என் முழு வரைபடத்தையும் இடப்பக்கமாக நகர்த்துகிறார். மூலையில் குறி புள்ளியின் மேல் கச்சிதமாக ஏறி உட்காருகிறது. பிறகு படத்தை நடுவுக்குக் கொண்டுவருகிறார். சிவப்புக் கூட்டல் குறி சுருளை விட்டு வெளியே போய் நிற்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. மங்கலான ஒரு கறையாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன், இப்போதுதான் தெரிகிறது நான் அதை எவ்வளவு நம்பியிருந்தேன் என்று, இது போன்ற சில வெடிப்புகள் சின்னக் குள்ள மண்டலங்களிலிருந்து வந்திருக்கின்றன, ஒன்று கிழட்டு விண்மீன்களின் கொத்திலிருந்து வந்திருக்கிறது, ஏதாவது ஒன்று இருக்கும், நான் சொன்னது சரி என்று அது சொல்லும் என்று. அண்ணா வெளிச்சத்தை ஏற்றுகிறார், இன்னும் ஏற்றுகிறார். படம் முழுக்க வெறும் இரைச்சல்தான் புள்ளி புள்ளியாக நொதிக்கிறது. "ஏம்மா, இங்க ஒண்ணுமே இல்லியே" என்கிறார். நிஷாந்த் மெல்லச் சொல்கிறான், "பொண்ணே இல்லாத வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டா." இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, அதுவும் எனக்கு எதிராகவே கேட்கிறது.

மேடம் எழுந்து ஃபாசில் அண்ணாவின் நாற்காலியில் தானே உட்காருகிறார். நாங்கள் அவருக்குப் பின்னால் நிற்கிறோம். கேலிபிரேட்டரின் பெயரைத் தட்டுகிறார், வேறு அலைவரிசைகளில் அது எப்படித் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகத் திறக்கிறார். உயர்ந்த அலைவரிசையில் அது ஒரு சுத்தமான புள்ளி. இன்னும் தாழ்வாக. புள்ளியின் ஒரு பக்கம் வீங்குகிறது. இன்னும் தாழ்வாக, நாங்கள் வேலை செய்கிற இடத்துக்கு. புள்ளியிலிருந்து வால் ஒன்று கிளம்புகிறது, வால்தான் இப்போது பிரகாசம், புள்ளி அணைந்துபோய் ஓரமாக இருக்கிறது. பட்டியலில் இருந்த முகவரி புள்ளியுடையது. நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தது வாலை. ஓர் அரிசி. "இது நம்ம குரூப்போட கேலிபிரேட்டர்" என்கிறார், யாரிடமும் இல்லாமல். "என் தீசிஸ்லேர்ந்து இதத்தான் யூஸ் பண்றோம்." நான் சேர்ந்த அன்றே ஃபாசில் அண்ணா எனக்கு இதைக் கொடுத்தார், அவருக்கு அவருக்கு முந்தியவர் கொடுத்தார், யாரும் யாரையும் கேட்கவில்லை, கேட்கிற விஷயமாகவே அது இல்லை. அப்போது நிஷாந்த், வாயை மூடத் தெரியாதவன், "அப்ப மேடம், அந்தப் பழைய பேப்பர்லயும்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறான். அவருக்குப் பின்னால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, ஓர் ஆய்விதழின் அட்டை, செக் சோர்ஸ் சட்டம் வருவதற்கு முந்தையது, அதில் வேறொரு வெடிப்பு, வேறொரு மண்டலம், அதே வானத்துண்டு, மேடத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மண்டலம். அதைப் பார்த்துத்தான் நான் இங்கே விண்ணப்பித்தேன். யாரும் திரும்பி அதைப் பார்க்கவில்லை, அவ்வளவு கவனமாக எல்லோரும் அதைப் பார்க்காமல் இருக்கிறோம். மேடத்தின் கழுத்தை மட்டும் நான் பின்னாலிருந்து பார்க்கிறேன். எனக்கு வெற்றியாக இல்லை. பரிதாபமாகவும் இல்லை, அவர் அதை என்னிடம் வாங்கிக்கொள்ள மாட்டார். என் தப்பு மட்டும் இல்லை என்று தெரிந்த நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை, என்னுடைய தப்பாக மட்டும் இருந்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பார், இப்போது அவர் என்னை மன்னிக்கவே முடியாது.

அவர் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளுகிறார். "மெயில் நீ எழுது. உன் பேர்ல போகட்டும். அந்தச் சிலிக்காரங்க சிரிச்சா உன்னப் பாத்து சிரிக்கட்டும்." உட்காருகிறேன், இருக்கை அவர் சூட்டில் இருக்கிறது. எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இருக்கலாம் என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ சொல் உண்டு, எல்லாம் எனக்குத் தெரியும், இந்த மொழியில் நான் முதலில் கற்றுக்கொண்டவை அவைதான், பட்டப்படிப்பு முழுக்க அவற்றுக்குப் பின்னால்தான் நின்றேன். அன்புள்ள குழுவினருக்கு. நாங்கள் தரவிருந்த இடத்தில் சிறிய மாற்றம் தேவைப்படலாம். "படலாமா?" என்கிறது பின்னாலிருந்து அந்த மெல்லிய குரல். "படுமா, படாதா? அவங்க ஒரு நைட்ட உன்னை நம்பிக் குடுக்கறாங்க. உனக்கே தெரியலன்னா ஏன் எழுதற?" ஃபாசில் அண்ணா, "விடுங்க மேடம், எழுதட்டும்" என்கிறார், "நீ சும்மா இரு" என்கிறார் அவர். வெறுப்பாகத்தான் கேட்கிறார். அவர் விரும்புவது நான் தடுமாற வேண்டும், தடுமாறினால் பழைய இடத்தையே அனுப்பிவிடலாம், சுருள் சுருளாக, நீலமும் மஞ்சளுமாக. விரல்கள் சாவிகளின் மேல் நிற்கின்றன. எனக்கு என்ன தெரியும்? எவ்வளவு தெரியும், அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லாமல்? எழுதியதை அழிக்கிறேன். வெடிப்பு இந்த வட்டத்துக்குள்ளிருந்து வருகிறது. இந்த வட்டத்துக்குள் எங்கள் படத்தில் எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் தெரிகிற சுருள் மண்டலம் இந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. ஸ்லிட் வேண்டாம், இரவு முழுவதும் இந்த வட்டத்தை மட்டும் படம் எடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மறுபடி படிக்கிறேன், இருக்கலாமை எங்கே வைக்கலாம் என்று பழக்கத்தில் தேடுகிறேன், வைக்க இடம் இல்லை. பின்னால் மேடம் படிக்கிறார், அவர் மூச்சு என் தலைமுடியில் படுகிறது, அவர் ஒவ்வொரு சொல்லாகத் தப்பு தேடுகிறார், தேடட்டும், தேடத் தெரிந்தவர்தான். நான்கு வாக்கியத்துக்கும் கீழே என் பெயரை அடிக்கிறேன், முன்னெழுத்தோடு, ஆத்தூரையும் சேர்த்து. சாவியை அழுத்துகிறேன். கடைசிச் சொல்வரை படித்துவிட்டு, வேறு வழியே இல்லாத குரலில், "சரி, அனுப்பு" என்கிறார் மேடம்.

"அனுப்பிட்டேன் மேடம்" என்கிறேன்.